பராக்கு

குழந்தையை அழைத்துக்கொண்டு பிரயாணம் செய்கிற எல்லோருக்கும் ஒரு வித்தை கைவந்திருக்கிறது. யாரும் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை, தெரியாதவரும் இல்லை. குழந்தை சிணுங்கத் தொடங்கியதும் ஜன்னலுக்கு வெளியே விரலை நீட்டி, "அதோ பாரு, அதோ பாரு!" என்கிறோம். அங்கே ஏதாவது இருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. குழந்தை கழுத்தைத் திருப்பித் தேடுகிறது. தேடுகிற நேரத்தில் அழுகையை மறந்துவிடுகிறது. நாமும் ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்கிறோம். இதற்குப் பராக்குக் காட்டுதல் என்று பெயர்.

வேடிக்கை காட்டுதல் என்றும் ஒன்று உண்டு. வீட்டில் இரண்டையும் ஒரே அர்த்தத்தில்தான் புழங்குகிறோம். நானும் அப்படித்தான் புழங்கி வந்தேன். சொற்களை வைத்துப் பிழைக்கிறவன் நான். ஆயினும் இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே ஒரு பெரிய பள்ளம் இருப்பதை என் பேத்தியிடமிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவளுக்கு வயசு ஐந்து.

நாங்கள் இருப்பது மாத்தூரில். மணலிக்குப் பக்கத்தில், 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட ஊர். இங்கிருந்து வெள்ளிக்கிழமைகளில் திருவொற்றியூருக்குப் போய் வடிவுடையம்மனைத் தரிசித்து வருவது என் வழக்கம். மூன்று வயசிலிருந்து பேத்தியும் ஒட்டிக்கொண்டாள். தூரம் அதிகமில்லை. ஆனால் துறைமுகங்களுக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றுவிட்டால் அந்தக் கொஞ்ச தூரமே காசி யாத்திரையாகிவிடும். பஸ் நிற்கும், காற்று நிற்கும், வியர்வை மட்டும் ஓடும். "இன்னாத்துக்குத் தாத்தா நிக்குது?" என்று குழந்தை ஆரம்பிப்பாள். (மாத்தூரில் பிறந்தவள், 'இன்னா' என்றுதான் சொல்வாள். திருத்திப் பார்த்துக் கைவிட்டுவிட்டேன்.)

அப்படி ஒரு சாயங்காலம் மணலிக்குப் பக்கத்தில் பஸ் நின்றிருந்தபோது, தூரத்தில் ஒரு உயரமான புகைபோக்கியின் உச்சியில் நெருப்பு எரிந்துகொண்டிருந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"அது இன்னா தாத்தா?"

அது என்ன என்று எனக்குத் தெரியும். 1969-ல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும், 1971-ல் உர ஆலையும் மணலியில் ஓடத் தொடங்கிய பிறகு, அவற்றைச் சுற்றி வேறு பல ஆலைகள் எழுந்தன. இப்படிப்பட்ட ஆலைகளில் மிஞ்சுகிற வாயுவைச் சும்மா வெளியே விட்டால் ஆபத்து. உள்ளே அடைத்து வைத்தாலும் ஆபத்து. ஆகையால் உயரத்துக்குக் கொண்டுபோய் எரித்துவிடுகிறார்கள். மூன்று வயசுக் குழந்தைக்கும் இதைச் சொல்ல முடியும். ஆனால் ஒன்றைச் சொன்னால் பத்துக் கேள்வி வரும். அன்றைக்கு எனக்கு முழங்கால் வலி வேறு. அதோடு, காற்றில் அந்த வாடையும் வந்துவிட்டது. குழந்தை மூக்கைப் பொத்திக்கொண்டாள். அடுத்த கேள்வி எதைப் பற்றியது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அதுவா? சாமிக்கு ஏத்தி வெச்ச தீபம், கண்ணு! திருவண்ணாமலையிலே கார்த்திகைக்கு ஏத்துறாங்க இல்லே, அது மாதிரி."

மூக்கைப் பொத்தியிருந்த கையை எடுத்து அவள் கும்பிட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஒரே வாக்கியத்தில் கால் மணி நேர அமைதியைச் சம்பாதித்துவிட்டேனே! அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த இடம் வந்ததும் அவள் ஸீட்டின்மேல் ஏறி நின்று கும்பிடுவாள். நானும் தடுக்கவில்லை.

இதில் என்ன குடி முழுகிப் போயிற்று என்று கேட்கலாம். ஒன்றும் முழுகவில்லை. பிரயாணத்தில் குழந்தைகளிடம் எல்லோரும் சொல்கிற பொய்களோடு பார்த்தால் என்னுடையது அழகான பொய். "இதோ வந்தாச்சு, அடுத்த ஸ்டாப்பிங்தான்" என்று எட்டு ஸ்டாப்பிங்குக்கு முன்னாலேயே சொல்கிறோம். "அழுதா கண்டக்டர் மாமா எறக்கி விட்டுடுவாரு" என்கிறோம். வாழ்நாளில் ஒரு குழந்தையைக்கூட இறக்கிவிடாத அந்த மனுஷர், எல்லாக் குழந்தைகள் மனத்திலும் ராட்சசனாக இருந்துகொண்டு, பாவம், சில்லறை பொறுக்கிக்கொண்டிருக்கிறார். டிக்கெட்டுக்காகச் சொல்கிற பொய் தனி ரகம். தமிழ்நாட்டு அரசு பஸ்களில் நெடுங்காலம் 3 வயசு வரைதான் டிக்கெட் இல்லாமல் போகலாம் என்றிருந்தது. அந்த நாளில் பஸ் ஏறிய குழந்தைகள் எல்லோருக்கும் இரண்டரை வயசுதான். "இல்லே, எனக்கு நாலு" என்று குழந்தையே வாயைத் திறந்து தாயைக் காட்டிக்கொடுத்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதற்கு விழுந்த கிள்ளையும் பார்த்தேன். உண்மை சொன்னதற்குப் பிரயாணத்தில் கிடைத்த முதல் பரிசு அது. 2022-ல் அந்த வயசை 5 ஆக்கினார்கள். அரசாங்கம் ஒரு சலுகையோடு, இரண்டு வருஷப் பொய்யையும் மக்கள் வாயிலிருந்து எடுத்துவிட்டது.

குழந்தைக்குப் பிரயாணத்தில் பொழுது போக்க வேண்டும் என்ற தொந்தரவு எப்போது பிறந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். கட்டை வண்டிக் காலத்தில் இது இருந்திருக்க முடியாது. வண்டி மாட்டின் வேகத்தில் போகும். அந்த வேகம் குழந்தையின் வேகம். அலுத்தால் இறங்கி வண்டியோடு கூட நடக்கலாம். கொடுக்காப்புளி பொறுக்கலாம், ஓடி வந்து மறுபடி ஏறிக்கொள்ளலாம். சாலையே விளையாட்டு மைதானம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி எங்கள் பக்கத்து ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. அன்றுதான் இந்தப் பக்கத்துக் குழந்தைக்கு முதன்முதலாக, "உட்கார், அசையாதே" என்று உத்தரவாகியிருக்க வேண்டும். ஊர் வேகமாக ஓடுகிறது. உடம்பு மட்டும் கட்டிப்போட்டது போல இருக்கிறது. பெரியவர்களுக்கு இது சௌகரியம். குழந்தைக்குச் சிறை. சிறையில் இருப்பவன் அழுதால் அது பிடிவாதமா?

ஆகையால் சிணுங்குகிற குழந்தையின் பக்கம்தான் நியாயம் இருக்கிறது என்பது என் கட்சி. ஆனால் குழந்தையை மடியில் வைத்திருப்பவள் கட்சியும் ஒன்று இருக்கிறது.

போன கோடையில், 200 அடிச் சாலையில் வந்த பஸ்ஸில் ஒரு பெண் நின்றுகொண்டு வந்தாள். தோளில் ஒரு கூடைப் பை, கையில் ஒரு கட்டைப் பை, இடுப்பில் குழந்தை. குழந்தை அலறிக்கொண்டிருந்தது. அவள் எப்படியோ ஒரு கையை விடுவித்து, போனை எடுத்து ஏதோ பொம்மைப் படத்தைப் போட்டுக் குழந்தை கையில் கொடுத்தாள். குழாயை மூடினது போல அழுகை நின்றது. உடனே எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் ஆரம்பித்தார். "இந்த வயசுல போன் குடுக்கலாமாம்மா? கண்ணு என்ன ஆகும்? மூளை என்ன ஆகும்?" அவர் சொன்னதில் தப்பில்லை. உலக சுகாதார நிறுவனமே 2019-ல், 2 வயசுக்குக் கீழே திரையே வேண்டாம், 4 வயசு வரை நாளுக்கு ஒரு மணிக்கு மேல் போக வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. நானும் மனத்துக்குள் தலையாட்டினேன்.

அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. "சரிங்கய்யா, போனை வாங்கிடறேன். எறங்குற வரைக்கும் நீங்க கொஞ்சம் மடியில வெச்சிக்கிறீங்களா?" என்று குழந்தையை நீட்டினாள்.

பெரியவர் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார். தமக்குத் தாமே பராக்குக் காட்டிக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். அவரைச் சொல்லி என்ன? நானும் உட்கார்ந்துதானே இருந்தேன்! அவள் இறங்கிப் போன பிறகுதான் எழுந்து இடம் கொடுத்திருக்கலாமே என்ற எண்ணமே எனக்கு வந்தது. ஸீட் கிடைத்தவர்களுக்குத்தான் தர்மசாஸ்திரம் நன்றாக வருகிறது.

ரூஸோ என்ற பிரெஞ்சுக்காரர் 1762-ல் 'எமீல்' என்று குழந்தை வளர்ப்பைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். பராக்குக் காட்டுவதைப் பற்றி அதில் அவர் யோசித்திருக்கிறார். பிடிவாதமாக அழுகிற குழந்தைக்குக் கண்ணைக் கவரும் ஒரு பொருளைக் காட்டி அழுகையை மறக்கச் செய்வது நல்ல உபாயம்தான், செவிலித் தாய்மார் இதில் கெட்டிக்காரிகள் என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் தன் கவனத்தைத் திருப்புவதற்காகத்தான் இதைச் செய்கிறார்கள் என்பது குழந்தைக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதில் மிகவும் கண்டிப்பாக இருக்கிறார். எனக்கு இந்த இடம்தான் இடிக்கிறது. செய்வது உபகாரமானால் அதை ஏன் ஒளிக்க வேண்டும்? ரூஸோ தம்முடைய 5 குழந்தைகளையும் பிறந்ததுமே அநாதை விடுதியில் விட்டுவிட்டவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பஸ் பெரியவருக்கு அண்ணன்.

பராக்குக் காட்டுவதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. ஊசி போடுகிறபோது குழந்தையின் முகத்தை அந்தப் பக்கம் திருப்பாத தாய் உண்டா? வலியைத் தவிர்க்க முடியாதபோது அதைப் பார்க்காமலாவது இருக்கட்டும் என்பது கருணை. நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுகிறோம். குழந்தை தன்னை அறியாமல் விழுங்குகிறது என்பது உண்மைதான்; ஆனால் நிலா அங்கே நிஜமாக இருக்கிறது. விரல் நீட்டிய திசையில் ஒரு பொருள் இருக்கிறது. அது வேடிக்கை காட்டுதல். வேடிக்கை ஒன்றை நோக்கிக் கண்ணைத் திருப்புகிறது. பராக்கு ஒன்றிலிருந்து கண்ணைத் திருப்புகிறது. விரல் ஒன்றுதான். ராஜாக்கள் சபைக்கு வருகிறபோது கட்டியக்காரன் "பராக், பராக்" என்று கூவுவானே, அதற்குக் கவனி என்று அர்த்தம். அதே ஓசை எப்படியோ கவனத்தைக் கெடுப்பதற்கும் பெயராக வந்து நிற்கிறது. பாஷைக்குச் சில சமயம் நம்மைவிட அதிகமாகத் தெரிந்திருக்கிறது.

தீபத்தின் கதைக்கு வருகிறேன்.

இந்த வருஷம் ஒரு நாள் காலையில் நான் அறைக்குள் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். திண்ணையில் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். சாமி தீபத்தைப் பற்றிப் பேத்தி எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுப் பையன் அவளைவிட மூன்று வயசு பெரியவன். "ஏய், அது தீபம் இல்ல. எங்கப்பா அங்கதான் வேலை செய்றாரு. மிச்சமாவுற கேஸைப் போட்டு எரிக்கிறாங்க. உங்க தாத்தா உன்னை ஏமாத்திட்டாரு" என்றான்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு என் பேத்தி சொன்னாள்: "ஏமாத்தல. எங்க தாத்தாவுக்குத் தெரியாது, பாவம்."

பத்திரிகையை மடித்து வைத்தேன். பொய்யன் என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு தைத்திருக்காது. என்னைப் பொய்யனாக்குவதைவிட முட்டாளாக்குவது மேல் என்று அந்தக் குழந்தை முடிவு செய்துவிட்டது. அப்போதே வெளியே போய், "எனக்குத் தெரியும் கண்ணு" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முட்டாள் பட்டத்தை ஏற்றுக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பஸ் அந்த இடத்துக்கு வந்தது. அவள் ஸீட்டின்மேல் ஏறவில்லை, கும்பிடவில்லை. என் கையைப் பிடித்து இழுத்து, "தாத்தா, அம்மன் இன்னிக்கு இன்னா கலர் பொடவை கட்டியிருக்கும்?" என்று கேட்டாள். நானும் பச்சையா சிவப்பா என்று பேசிக்கொண்டிருந்தேன். அதற்கடுத்த வாரமும் சரியாக அந்த இடத்தில் வேறு ஏதோ கேள்வி. மூன்றாவது வாரம்தான் எனக்கு உறைத்தது. தீபத்தை நான் பார்த்துவிடக் கூடாது, பார்த்து வெட்கப்படக் கூடாது என்று அவள் எனக்குப் பராக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். வித்தையை யாரும் கற்றுக்கொடுப்பதில்லை என்று முதலில் எழுதினேன். அது தப்பு. கற்றுக்கொடுத்தவன் நான்தான்.

அன்றைக்குக் கோயிலில் மகிழ மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அந்த மரத்தின் கதையைக் கேட்டாள். திருவொற்றியூரில் அந்தக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. சுந்தரர் இந்த ஊரில் சங்கிலியாரைக் கண்டு மணக்க ஆசைப்பட்டார். திருவாரூரில் அவருக்கு ஏற்கெனவே பரவையார் இருக்கிறார். ஆகையால், உன்னைப் பிரியேன் என்று சந்நிதியில் சத்தியம் செய்து தர வேண்டும் என்று பேச்சு. சுந்தரர் சிவபெருமானிடம் ரகசியமாக ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்: நான் சத்தியம் செய்கிற நேரத்தில் நீர் கருவறையை விட்டு இந்த மகிழ மரத்துக்கு வந்துவிடும்! பெருமானும் சரி என்றார். ஆனால் சங்கிலியார் கனவில் போய், சந்நிதியில் வேண்டாம், மகிழடியில் சத்தியம் கேள் என்று அவரே சொல்லிக்கொடுத்துவிட்டார். மாட்டிக்கொண்ட சுந்தரர் மகிழடியிலேயே சத்தியம் செய்தார். பிறகு வசந்த விழாக் காலத்தில் திருவாரூர் நினைவு வந்துவிட, சத்தியத்தை மீறிக் கிளம்பினார். திருவொற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் தெரியாமல் போயின. சேக்கிழார் பெரிய புராணத்தில் சொல்கிற கதை.

பேத்தி வெகு நேரம் யோசித்தாள். பிறகு கேட்டாள்: "வாயிதானே தாத்தா பொய் சொல்லிச்சு? கண்ணு எதுக்குப் போவணும்?"

நான் பெரிய புராணத்தை அறுபது வருஷமாகக் கேட்டும் படித்தும் வருகிறேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை. பதிலும் சொல்லவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பக்கிங்ஹாம் கால்வாய்ப் பக்கம் வண்டி நின்றுவிட்டது. முன்னாலும் லாரி, பின்னாலும் லாரி. இனிமேல் தள்ளிப்போட இடமில்லை என்று தோன்றிற்று.

"கண்ணு, அந்த நெருப்பு சாமி தீபம் இல்லே. ஆலையிலே மிஞ்சுற வாயுவை எரிக்கிறாங்க. எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாத்துக்கு?"

"நீ நெறையக் கேள்வி கேப்பே, எனக்கு அலுப்பா இருந்தது."

இதை அவள் ஒப்புக்கொண்ட மாதிரி இருந்தது. அலுப்பு என்பது அவளுக்குத் தெரிந்த விஷயம்தானே. உடனே, இரண்டு வருஷமாக வரிசையில் காத்திருந்த கேள்வி வந்தது. "அப்ப அந்த நாத்தம்? அது எங்கேருந்து வருது? அதனால நமக்கு இன்னாவும் ஆவாதா?"

இதற்குப் பயந்துதான் தீபம் ஏற்றினேன். இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டுமானால் பெரியவர்கள் நிறைய விஷயங்களை ஒப்புக்கொள்ள வேண்டும். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதை ஒப்புக்கொள்ள வேண்டும். மீனவர்கள் அதை வாளியால் மொண்டு எடுத்ததையும் சொல்ல வேண்டும். அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில், எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண்ணெரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் ஜனங்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். அதுவும் குழந்தைகளோடு செய்த பிரயாணம்தான். தோளில் போட்டுக்கொண்டு இருட்டில் ஓடிய அந்தக் குழந்தைகளுக்கு எதைக் காட்டிப் பொழுது போக்கியிருப்பார்கள்?

எனக்குத் தெரிந்ததை ஐந்து வயசுக்குத் தக்கபடி சொன்னேன். ஆலைகளிலிருந்து வருகிறது என்றேன். சில நாள் ஒன்றும் ஆகாது, சில நாள் கண் எரியும், இருமல் வரும், ஆகையால்தான் அந்த நாளில் ஜன்னலைச் சாத்துகிறோம் என்றேன். பையனின் அப்பாவுக்கும் இன்னும் பல அப்பாக்களுக்கும் அங்கேதான் வேலை, சம்பளம் என்பதையும் சொன்னேன். அவள் அழவில்லை, பயப்படவுமில்லை. குழந்தைகளுக்குப் பயம் நம்முடைய முகத்திலிருந்துதான் வருகிறதோ என்னவோ. அடுத்ததாகக் கால்வாயைக் காட்டி, "இந்தத் தண்ணி ஏன் கறுப்பா கீது?" என்றாள். கேட்டதும் நல்லதாயிற்று, இது எனக்குப் பிடித்த விஷயம். 1806 வாக்கில் வெட்ட ஆரம்பித்த கால்வாய் இது. படகிலே உப்பும் விறகும் இந்த வழியாகப் பட்டணத்துக்கு வரும். படகுக்காரர்கள் கரையில் நடந்து கயிறு கட்டி இழுப்பார்கள். நான் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். முன் ஸீட்டில் இருந்த ஓர் அம்மாள்கூடத் திரும்பி உட்கார்ந்து கேட்டாள். வண்டி நின்று அரை மணி ஆகியிருந்தது; எனக்குத் தெரியவே இல்லை.

பிறகு லாரிகள் மேலும் நகராமல் போகவே, எனக்கு மறுபடி முழங்கால் பிடித்துக்கொண்டது. முகம் சுளித்திருக்க வேண்டும். பேத்தி என் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

"தாத்தா, அதோ பாரு!"

பார்க்கலாமா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினேன். அந்த வித்தையின் உள்ளும் புறமும் தெரிந்தவன் அல்லவா? ஆனாலும் திரும்பினேன். கறுப்புத் தண்ணீருக்கு நடுவே, கவிழ்ந்து கிடந்த ஒரு சிமெண்டுத் தூணின்மேல், ஒற்றைக் காலில் ஒரு வெள்ளைக் கொக்கு நின்றுகொண்டிருந்தது.